தூக்கி எறியப்படும் பொருள்களைத் திறந்து பார்த்ததில் கற்றவை

பழுதான வீட்டுப் பொருள்களைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு ஆர்வத்தால் வந்தது. காலப்போக்கில் அது நண்பர்களுக்காகவும், பழுதுநீக்கும் கூடுகைகளுக்குத் தம் பொருள்களை எடுத்து வருபவர்களுக்காகவும் தொடர்ந்து செய்யும் தன்னார்வப் பணியாக ஆகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் இதைச் செய்துவருவதில் ஒரு செய்தி எனக்கு ஐயமறத் தெளிவாகியிருக்கிறது: குப்பைக்குப் போகவிருந்த பொருள்களில் பெரும்பாலானவற்றில் கெட்டிருந்தது ஒரே ஒரு சிறு பாகம்தான், மற்றவை எல்லாம் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய நிலையில் இருந்தன. சூடேறாத இஸ்திரிப்பெட்டியில் போயிருந்தது சூடு அளவுமீறினால் மின்சாரத்தை நிறுத்தும், விரல்நுனி அளவுள்ள வெப்ப ஃபியூஸ். சுழலாத மின்விசிறியில் செயலிழந்திருந்தது மின்னூட்டத்தைச் சேமித்து வெளிவிடும் ஒரு கெப்பாசிட்டர். நீரை வெளியேற்றாத சலவை இயந்திரத்தில் வடிகட்டியை நூலும் நாணயமும் அடைத்திருந்தன. சார்ஜ் ஏறவில்லை என்று கைவிடப்பட்ட கைபேசிகள் பலவற்றில் எந்தப் பாகமுமே கெடவில்லை. சட்டைப்பையின் பஞ்சுத்தூசி சார்ஜ் துளைக்குள் இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இப்பொருள்களைக் கொண்டுவருபவர்கள் வேறு எங்கோ விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "இதைச் சரிசெய்வதைவிடப் புதிதாகவே வாங்கிவிடலாம்" என்ற பதிலே அவர்களுக்குக் கிடைத்திருக்கும். அந்தப் பதிலைச் சோம்பலாகவோ பேராசையாகவோ நான் கருதுவதில்லை. சொன்னவரின் கணக்கு பெரும்பாலும் சரியானதே. தானியங்கி இயந்திரங்கள் நிறைந்த தொழிற்சாலையில் ஒரு சிறு கருவியைப் பூட்டி முடிக்கச் சில நிமிடங்களே ஆகின்றன. அதே கருவி கெட்டால், பழுதைக் கண்டறிந்து, பாகத்தைத் தேடி வாங்கி, திறந்து மாற்றி, சோதித்துத் தருவதற்கு ஒரு தேர்ந்த மனிதரின் ஒரு மணி நேரத்திற்கும் மேலான உழைப்பு வேண்டும். 1950-களின் பிற்பகுதியிலிருந்து சரக்குப் பெட்டகக் கப்பல்கள் பரவியபின், உலகின் ஒரு மூலையில் மலிவாகச் செய்ததை மறுமூலையில் மலிவாக விற்க முடிந்தது. உழைப்புக்கான கூலி ஓரிடத்தில் குறைவாகவும் பொருளை வாங்குபவர் வாழும் இடத்தில் அதிகமாகவும் இருக்கும்வரை பழுதுநீக்கும் தொழில் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். புதிய பொருளின் விலையில் சுரங்கம் விட்டுச்சென்ற நச்சுக்கழிவும், ஆலையின் புகையும், இறுதியில் அது போய்ச் சேரும் குப்பைமேட்டின் செலவும் சேர்க்கப்படுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவற்றை வேறு யாரோ, பெரும்பாலும் அந்தப் பொருளை ஒருநாளும் பயன்படுத்தாதவர்கள், தம் நீராலும் காற்றாலும் உடல்நலத்தாலும் செலுத்துகிறார்கள்.

விலை ஒரு காரணம் என்றால், திட்டமிடல் மற்றொரு காரணம். 1924-ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரும் மின்விளக்கு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. அதுவரை 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துவந்த குண்டுவிளக்குகளின் ஆயுளை 1,000 மணி நேரமாக வரையறுத்து, அதைத் தாண்டி எரியும் விளக்குகளைத் தயாரித்த உறுப்பினர்களுக்கு அபராதம் விதித்தன. ஆயுளைக் குறைத்தால் அதே மின்சாரத்தில் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும் என்ற தொழில்நுட்ப நியாயம் இதற்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் நீண்ட ஆயுளா, மிகுந்த வெளிச்சமா என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வாங்குபவரிடமிருந்து அப்போதே பறிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆல்ஃபிரெட் ஸ்லோன் தலைமையிலான ஜெனரல் மோட்டார்ஸ், ஆண்டுதோறும் வாகனத்தின் தோற்றத்தை மாற்றும் வழக்கத்தை நிலைநிறுத்தியது; நன்றாக ஓடும் வண்டியும் பழையதாகத் தெரியத் தொடங்கியது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1932-இல், பெர்னார்ட் லண்டன் என்ற அமெரிக்கர் ஒருபடி மேலே சென்று, பொருள்களுக்கு அரசே ஆயுள் நிர்ணயித்து, காலம் முடிந்தவற்றைத் திரும்பப் பெற்று அழித்தால் வேலைவாய்ப்பு பெருகும் என்று துண்டறிக்கை எழுதினார். அவர் கேட்ட சட்டம் வரவில்லை. சட்டம் இல்லாமலேயே அதன் பயன்கள் பலவற்றைச் சந்தை அடைந்துவிட்டது.

இந்த வரலாற்றை நான் எல்.இ.டி. விளக்குகளைப் பிரிக்கத் தொடங்கிய பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். பல்லாயிரம் மணி நேரம் எரியும் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். ஓரிரு ஆண்டுகளில் அணைந்துபோகும். திறந்து பார்த்தால், ஒளிதரும் சிறு சில்லுகளில் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் நலமாக இருக்கும். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலும் விளக்கு முழுவதும் இருண்டுவிடும். அல்லது, மின்சாரத்தைச் சீர்செய்யும் பகுதியிலுள்ள, உள்ளே திரவம் கொண்ட எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வெப்பத்தால் உலர்ந்து உப்பியிருக்கும். இவ்வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் அனைவரும் அறிந்த நடைமுறை விதி. குறைந்த எண்ணிக்கையிலான சில்லுகளை மிகையான மின்னோட்டத்தில் எரியவிட்டு, வெப்பம் வெளியேற வழியில்லாத நெகிழிக் கூட்டுக்குள் அடைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. இதை வேறு விதமாகச் செய்ய முடியாதா என்ற கேள்விக்குச் செயலிலேயே விடை உண்டு: துபாய் நகராட்சிக்காக பிலிப்ஸ் நிறுவனம் 2016-இல் அறிமுகப்படுத்திய விளக்கில் கூடுதல் சில்லுகளைக் குறைந்த மின்னோட்டத்தில் இயக்கினார்கள், அதனால் வெப்பம் குறைந்தது, ஆயுளும் கூடியது, மின்சாரமும் மிச்சமாயிற்று. அறிவு இல்லாததால் நம் விளக்குகள் விரைவில் அணைவதில்லை. அந்த அறிவைப் பயன்படுத்தச் சொல்லி நிர்ப்பந்திப்பவர் இல்லாததால் அணைகின்றன.

பிற பொருள்களிலும் இதே போக்கைக் காண்கிறேன். சலவை இயந்திரத்தின் தொட்டி முன்பு திருகுகளால் இணைக்கப்பட்டிருக்கும். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்தால் பிரித்து மாற்றலாம். இப்போது பல மாதிரிகளில் தொட்டியின் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சிறு பேரிங்கிற்காக முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும், அதன் விலையைக் கேட்டதும் உரிமையாளர் புதிய இயந்திரத்தை வாங்கிவிடுவார். கைபேசியின் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. சாதாரணத் திருப்புளிக்கு இடம்கொடாத விசித்திரத் தலைகளுடன் திருகுகள் வருகின்றன. அசல் பாகத்தையே பொருத்தினாலும், மென்பொருள் அதன் வரிசை எண்ணை அடையாளம் காணாமல் சில செயல்பாடுகளை முடக்கிவிடும் நிலையும் வந்திருக்கிறது. வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாத கணினிகள்கூட மென்பொருள் ஆதரவு நின்றதால் முதுமையடைகின்றன: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தபோது, அடுத்த பதிப்பின் வன்பொருள் நிபந்தனைகளை நிறைவுசெய்யாத, நன்றாக இயங்கும் கணினிகள் எத்தனையோ ஒரே நாளில் பழையனவாக அறிவிக்கப்பட்டன.

துணிகளில் கெடுவதற்கு மின்சுற்று ஏதுமில்லை; ஆனாலும் அங்கே வேகம் இன்னும் கூடுதல். எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளையின் 2017-ஆம் ஆண்டு ஆய்வின்படி, 2000-க்கும் 2015-க்கும் இடையே உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதே காலத்தில் ஓர் ஆடை அணியப்படும் தடவைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இன்று உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டர். ஒவ்வொரு சலவையிலும் அது நுண்ணிழைகளை நீரில் விடுகிறது. தானமாகப் போகிறது என்று நாம் நம்பிக் கொடுக்கும் ஆடைகளின் ஒரு பகுதி சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் குவியல்களாகக் கிடப்பதை உலகமே படங்களில் கண்டிருக்கிறது. தரமற்ற துணியை யாருக்குக் கொடுத்தாலும் அது நெடுநாள் பயன்படாது. ஆகவே தானம் என்பது அதிகமாக வாங்குவதற்கான மனச்சமாதானம் ஆகிவிடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் குப்பையில் தொடங்குகிறார்கள். நான் சுரங்கத்தில் தொடங்க விரும்புகிறேன், ஏனெனில் சேதத்தின் பெரும்பகுதி பொருள் நம் கைக்கு வருமுன்னரே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. கைபேசி ஒன்றின் வாழ்நாள் முழுவதற்குமான பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் மிகப்பெரும் பங்கு அதன் உற்பத்தியில்தான் இருக்கிறது. நாம் சார்ஜ் செய்யும் மின்சாரம் அதனுடன் ஒப்பிடச் சிறியது. தங்கம், செம்பு, கோபால்ட், டான்டலம், நியோடிமியம் எனப் பல்வேறு தனிமங்கள் அந்தச் சிறு உடலுக்குள் இருக்கின்றன. ஒரு டன் தங்கத் தாதுவில் பெரும்பாலும் சில கிராம் தங்கமே கிடைக்கும், மீதமனைத்தும் கழிவுப்பாறை. கழற்றி எடுத்த ஒரு டன் கைபேசி மின்சுற்றுப் பலகைகளில் அதைப்போலப் பன்மடங்கு தங்கம் இருக்கிறது. இருந்தும் ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-இல் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களின் தேவையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே இக்கழிவிலிருந்து நிறைவுசெய்யப்படுகிறது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி, செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிப்பவர்களிடமும், அமிலத்தில் பலகைகளைக் கழுவித் தங்கம் பிரிப்பவர்களிடமும் போய்ச் சேர்கிறது. ஈயமும், எரிக்கும்போது உருவாகும் டையாக்சின் என்ற நச்சும் முதலில் தாக்குவது அவர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும்தான்.

நெகிழியின் கணக்கும் இதற்குக் குறைந்ததல்ல. 1950-இல் உலகம் ஏறத்தாழ 20 லட்சம் டன் நெகிழி தயாரித்தது. 2019-இல் அது 46 கோடி டன்னாக உயர்ந்தது. 2015 வரை உருவான நெகிழிக் கழிவு முழுவதையும் கணக்கிட்ட ஆய்வாளர்கள், அதில் மறுசுழற்சி செய்யப்பட்டது ஏறத்தாழ 9 விழுக்காடு, எரிக்கப்பட்டது 12 விழுக்காடு, மீதி 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் திறந்த நிலத்திலும் கடலிலும் தேங்கியிருக்கிறது என்று மதிப்பிட்டனர். கருவிகளின் உடல்களைப் பிரிக்கும்போது இதன் காரணம் கண்முன் தெரிகிறது: இருவேறு நெகிழிகள் உருக்கி இணைக்கப்பட்டிருக்கும், நடுவே உலோகத் திருகு பதிந்திருக்கும், மேலே வண்ணப்பூச்சும் ரப்பர் உறையும் இருக்கும். இவற்றைத் தனித்தனியே பிரிக்கும் செலவு, கிடைக்கும் நெகிழியின் மதிப்பைவிட அதிகம். மறுசுழற்சிக் குறியைப் பார்த்து மன அமைதி கொள்வதை நான் நிறுத்திக்கொண்டேன். மறுசுழற்சி தேவையானது, ஆனால் அது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது. ஒரு பொருளை இன்னும் சில ஆண்டுகள் பயன்பாட்டில் வைத்திருப்பது அதைவிட மிகப் பெரிய பயன் தரும்.

இதிலும் ஒரு பாகுபாடு தேவை. எல்லாப் பழைய பொருள்களையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. கைபேசி, மடிக்கணினி, ஆடை, மரச்சாமான் போன்றவற்றில் சேதத்தின் பெரும்பங்கு உற்பத்தியில் இருப்பதால் எவ்வளவு நாள் நீட்டித்தாலும் நன்மையே. நாள் முழுவதும் மின்சாரம் உண்ணும் மிகப் பழைய குளிர்சாதனப்பெட்டியின் நிலை வேறு. அதன் மின்நுகர்வைப் புதிய மாதிரியின் நுகர்வுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழுதுநீக்குவதா என்று முடிவுசெய்ய வேண்டும். அப்படி மாற்றும்போது பழையதிலுள்ள குளிர்பதன வாயுவை முறையாக வெளியேற்றிச் சேகரிப்பவரிடமே அதைக் கொடுக்க வேண்டும், ஏனெனில் ஆர்-134ஏ போன்ற வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும் திறனுடையது.

நடைமுறையில் எனக்குப் பயன்பட்டவற்றுள் முதன்மையானது, வாங்குமுன் கேட்கும் கேள்விகள். பேட்டரியை நானே மாற்ற முடியுமா? தேயும் பாகங்கள் தனியாகக் கிடைக்கின்றனவா, எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? திருகுகள் தெரிகின்றனவா, முழுவதும் ஒட்டப்பட்டுள்ளதா? மென்பொருள் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை? விற்பவர் இவற்றுக்கு விடை சொல்லாவிட்டால், மாதிரி எண்ணைக் கொண்டு பிரித்துக்காட்டும் காணொளிகளையும் உதிரிப் பாகங்களின் பட்டியலையும் தேடுவேன். எதுவுமே கிடைக்காத மாதிரியை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்குவதில்லை. தள்ளுபடி விற்பனையின் கடிகாரம் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து எடுத்த முடிவைவிட, தேவையை ஒரு தாளில் எழுதிவைத்து அடுத்த மாதமும் அது தேவையாகத் தோன்றுகிறதா என்று பார்த்து எடுத்த முடிவே நல்லதாக இருந்திருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தேவைப்படும் துளையிடும் கருவி போன்றவற்றை இரவல் வாங்குவதே சிறப்பு.

பராமரிப்பில் சிறிய செயல்களே பெரிய பலன் தருகின்றன. லித்தியம் பேட்டரியை வெப்பத்திலிருந்து காத்து, இயன்றவரை 20 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். பயன்படுத்தாத கருவியைப் பாதியளவு சார்ஜுடன் வைக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கைக் காற்றுப் புகாத மூடிய கூண்டுக்குள் பொருத்தக்கூடாது. மின்கெட்டிலில் படியும் சுண்ணாம்பை எலுமிச்சை அமிலத்தால் அவ்வப்போது நீக்க வேண்டும். மின்கம்பியைக் கருவியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதைக் கைவிட்டாலே, கம்பி கருவிக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்துபோகும் பழுதுகள் பெரும்பாலும் வராது. ஆடையை உள்புறம் வெளியே வரும்படித் திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்தால் நிறமும் இழையும் நீடிக்கும். பற்கள் பொருந்தாத ஜிப்பில் கெட்டது பெரும்பாலும் பற்கள் அல்ல, பற்களை இணைத்தபடி ஏறி இறங்கும், தளர்ந்துபோன நழுவிதான். அதன் இரு பக்கங்களையும் குறடால் மெல்ல அழுத்தினால் போதும்.

பழுது வந்தபின் நான் பின்பற்றும் முறை எளிது. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, மின்கம்பி, ஃபியூஸ், வடிகட்டி, தூசி ஆகியவற்றை முதலில் பார்க்கிறேன். கணிசமான பொருள்கள் இந்தக் கட்டத்திலேயே சரியாகிவிடுகின்றன. திறக்கும்போது ஒவ்வொரு படியையும் படமெடுத்து, கழற்றிய திருகுகளை ஒரு தாளில் அவை இருந்த இடத்தின்படியே ஒட்டிவைக்கிறேன். திரும்பப் பூட்டும்போது நினைவை நம்ப வேண்டியிருக்காது. கைபேசியின் துளையிலுள்ள தூசியை அதை அணைத்துவிட்டு மெல்லிய மரக்குச்சியால் எடுக்க வேண்டும், உலோக ஊசியால் எடுக்கக்கூடாது. மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் பயிற்சியில்லாதவர் எவரும் திறக்க வேண்டாம். இணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீயை வரவழைப்பதாகும். தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் பழுதுநீக்கும் கூடுகை ஒன்றைத் தேடிப் போகலாம். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பொருளைக் கொடுத்துவிட்டுப் போகாமல் உரிமையாளரும் உடன் அமர்ந்து கற்றுக்கொள்வதே அதன் சிறப்பு. தம் கையால் ஒருமுறை சரிசெய்த பொருளை மக்கள் எளிதில் எறிவதில்லை என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

தனிமனிதர் முயற்சியால் மட்டும் இது தீரும் என்று நான் நினைக்கவில்லை. ஒட்டிவைத்த தொட்டியை என் திருப்புளியால் திறக்க முடியாது. அதை ஒட்டாமல் செய்யச் சட்டத்தால் முடியும். ஃபிரான்ஸ் 2021 முதல் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் போன்றவற்றில் அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுநீக்கலாம் என்பதற்கான மதிப்பெண்ணை அச்சிட வேண்டும் என்றது. விற்காத பொருள்களை அழிப்பதையும் 2020-இல் இயற்றிய சட்டத்தால் தடுத்தது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வர இருக்கிறது. வரிசை எண்ணைக் காட்டி மாற்றுப் பாகங்களை முடக்கும் வழக்கத்தை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டத்தால் கட்டுப்படுத்தியது. உலகெங்கும் விற்கும் நிறுவனம் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி மாதிரி செய்வதைச் செலவாகக் கருதுமாதலால், ஓரிடத்தில் வரும் நல்ல விதி பிற இடங்களுக்கும் நன்மை செய்ய வாய்ப்பு உண்டு. அப்படியொரு விதியைத் தத்தம் மக்கள் பிரதிநிதிகளிடம் எழுத்துமூலம் கேட்பதும் பழுதுநீக்கும் வேலையின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

இறுதியாக, உண்மையிலேயே பயன்பாடு முடிந்தவற்றைப் பற்றி. பழைய கைபேசிகளை இழுப்பறையில் பூட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் தம் படங்களும் தரவுகளும் பிறர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் கிடந்தபின் அவை யாருக்கும் உதவாதவை ஆகிவிடுகின்றன. இயங்கும் நிலையிலேயே கொடுத்தால்தான் இன்னொருவர் பயன்படுத்த முடியும். கொடுக்குமுன் தரவுகளை நகலெடுத்துக்கொண்டு, கணக்கிலிருந்து வெளியேறி, தொலைந்த கருவியைத் தேடும் வசதியையும் நிறுத்திவிட்டு, அதன்பின் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியமானது: பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டப்பட்டே இருக்கும் கைபேசி எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதை வேறொருவருக்காகத் தயார்செய்ய முடியாது, பாகங்களுக்காகப் பிரிக்கவே முடியும். முற்றிலும் செயலிழந்தவற்றையும் தளர்ந்த பேட்டரிகளையும் பொதுக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. குப்பை வண்டியின் அழுத்தத்தில் நசுங்கும் லித்தியம் பேட்டரியால் தீ மூண்ட நிகழ்வுகள் பல. அவற்றின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, தனியே ஒரு பெட்டியில் சேர்த்து, மின்னணுக் கழிவைப் பெறும் உரிமமுள்ள மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.